நெல்லித்தோப்புக்குக் குடிவந்த எல்லைக்கோடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு நவம்பர் முதல் தேதி சாயங்காலம், பிரெஞ்சுப் புதுச்சேரிக்கும் இந்திய யூனியனுக்கும் நடுவே கிடந்த எல்லைக்கோட்டில் ஒரு துண்டு, சுங்கச்சாவடிக் காவலர் உத்திராபதியின் பின்னாலேயே நடந்து வந்து நெல்லித்தோப்பில் அவர் வீட்டில் குடியேறியது. அன்று காலையில்தான் ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறியிருந்தது. மத்தியானத்துக்குள் ஜனங்கள் சாவடியின் குறுக்குக் கட்டையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, சாமி தூக்குகிற மாதிரி ஊர்வலம் போய்விட்டார்கள். காவல் காக்க ஒன்றும் மிச்சமில்லாததால் உத்திராபதி தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். கணுக்காலில் ஈரக்கயிறு உரசுகிறாற்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் வெறுந்தரை. அந்த வெறுந்தரையைப் பார்த்துத்தான் தெருநாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. "ச்சீ, போ" என்றார், நின்றது. நடந்தார், வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே குறுக்காக நீட்டிப் படுத்துக்கொண்டது.

புதுச்சேரி எல்லை ஒரே கோடாக இருந்ததில்லை. கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போட்ட மாதிரி இங்கே கொஞ்சம் பிரெஞ்சு, அங்கே கொஞ்சம் யூனியன். ஒரே வயலில் ஏர் பிரான்சில் இறங்கி இந்தியாவில் திரும்பும். அத்தனை கோடும் ஒரே நாளில் வேலையிழந்து தெருவில் நின்றன. கெட்டிக்காரக் கோடுகள் கடல்மேல் நடந்து வியட்நாமுக்குப் போனதைக் காலாப்பட்டு மீன்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த வருஷம்தான் அங்கே நாட்டை இரண்டாக வகுந்து புதுக் கோட்டுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு ஜெர்மனிக்குப் போய், பின்னாளில் பெர்லினில் சுவராகப் பதவி உயர்வு வாங்கின. சாமர்த்தியம் போதாத துண்டு ஒன்று நெல்லித்தோப்போடு நின்றுவிட்டது.

உத்திராபதிக்கு அந்தக் கோட்டின்மேல் கோபம் இல்லை, பயம்தான். அதற்குக் காரணம் அவர் மனைவி ஆதிலட்சுமி. யூனியன் பக்கத்துக் கிராமத்தில் குடியானவர் வீட்டுப் பெண். கலியாணத்துக்கு முன்னால் தினம் மோர்ப்பானையோடு ஊருக்குள் வந்து, திரும்பும்போது மிச்ச மோருக்குள் மெழுகுத்துணி சுற்றிய கைக்கடிகாரங்களைப் போட்டுக் கொண்டுபோவாள். ஒருநாள் பானை டிக் டிக் என்றது. "மோரு மணி சொல்லுமா?" என்று கேட்டார் உத்திராபதி. "எங்க ஊரு மோரு சொல்லும்" என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அவர் கட்டையைத் தூக்கிவிட்டார். அடுத்த தையில் தாலியும் கட்டினார். கட்டையைத் தூக்குகிறவன் என்றுதான் இவள் நம்மைக் கட்டிக்கொண்டாளோ என்று அப்போதே ஒரு சந்தேகம் அவருக்குள் இருந்தது. கட்டையே போன பிறகு அது பெரிய பயமாக வளர்ந்துவிட்டது. சர்க்கார் அவருக்கு நகராட்சித் தோட்டத்தில் காவல் வேலை கொடுத்தது. செம்பருத்திச் செடியை யார் கடத்தப்போகிறார்கள்? நாளெல்லாம் அங்கே உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கோடு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரிச் சோறு கொண்டுவந்த ஆதிலட்சுமியின் கால் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றது. சாவடியில் நின்று பழகியவள் இல்லையா, சட்டென்று பிடிபட்டுவிட்டது. என்ன கொண்டுபோகிறாய் என்று சாவடியில் எவனைக் கேட்டாலும் வாயில் வருகிற அதே பதிலைத்தான் சொன்னாள்: "ஒண்ணுமில்லிங்க." கால் அசையவில்லை. அந்த ஒண்ணுமில்லிங்கவை வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் கோட்டுக்குக் காது புளித்திருந்தது போலும். "சோறு, கருவாட்டுக் கொழம்பு" என்றாள். ஊஹூம். "எழவே, அப்புறம் கொஞ்சம் கோவம். ஊரே சந்தோசமா இருக்கு, இந்த மனுசன் மட்டும் மொகத்தத் தொங்கப் போட்டுக்கினு வந்து ஒக்காந்துகிறாரேன்னு" என்றாள். கால் தானாக இந்தப் பக்கம் வந்தது. அன்றிலிருந்து மூன்று வேளையும் அதே நடைமுறைதான். "இட்டிலி, சட்டினி, ஒங்க அக்கா மேல எரிச்சல்." "கேழ்வரகுக் கூழு, மொளகா, காலையிலேந்து ஒரு இடுப்பு வலி." ஒளிக்க முடியாது என்று ஆனபிறகு அவள் ஒளிக்கவே இல்லை. உத்திராபதி தலையைக் குனிந்து சாப்பிட்டார்.

செய்தி பரவியதும் பெரிய மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள். கலியமூர்த்தி என்று ஒருவர், அக்டோபர் வரைக்கும் பிரெஞ்சுக் கட்சி, நவம்பரிலிருந்து தேசியவாதி. கோட்டைத் தாண்டி அடுப்படியிலும் கொடியேற்றிக் காட்டுகிறேன் என்று ஆள்கட்டோடு வந்தார். "தேசபக்தி!" என்று முழங்கிக் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. மறுபடி "தேசபக்தி" என்றார், கொஞ்சம் சத்தம் குறைந்து. கொக்கு மாதிரி வெகுநேரம் ஒற்றைக்காலில் நின்றபின், இடுப்பைத் தடவிக்கொண்டு, "பழைய கட்சி பேட்ஜு, எதுக்கும் இருக்கட்டுமேன்னு" என்று முனகினார். உடனே அந்தப் பக்கம் போய் விழுந்தார். அடுத்த மாதம் வெள்ளைக்காரத் துரை ஒருவர் பார்க்க வந்தார். பேனா, சிகரெட்டு, சென்ட்டு என்று வரிசையாக ஒப்புவித்தார். கோடு இன்னும் ஏதோ எதிர்பார்த்தது. அவர்கள் தோற்றுவிட்டு வந்த இந்தோசீனா அவர் வாய்வரைக்கும் வந்தது, அப்போதுதான் கலகம் மூண்ட அல்ஜீரியா தொண்டையிலேயே நின்றுவிட்டது. "மொசியேவுக்கு மோர் குடுங்க, பாவம்" என்றாள் ஆதிலட்சுமி. குடித்துவிட்டு வந்த வழியே போனார்.

இத்தனை பேர் முட்டிமோதிய கோட்டை உத்திராபதி மட்டும் ஒருதரம்கூடத் தாண்டவில்லை. தெருக்குழாயில் குளித்தார், கூடத்தில் சாப்பிட்டார். ஆம்பிளை அடுப்படிப் பக்கம் போகாதது ஊரில் யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. ஆதிலட்சுமிக்கு மட்டும் தெரியும். ஊரார் வாயையெல்லாம் கிளறிய மனுஷன், தன் வாயைத் திறக்கப் பயந்து கூடத்திலேயே கிடக்கிறார் என்று தெரியும். ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு மத்தியானம் அவள் நிலைப்படியில் நின்று, "சோறு, முருங்கைக்கீரை, எங்கூருக்கே போயிடலாமான்னு ஒரு நெனப்பு" என்று சொல்லிவிட்டு வந்து தட்டை வைத்தாள். உத்திராபதி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டிருக்கலாம். கீரையில் உப்பு கம்மி என்றார், பாவி மனுஷன். அதற்கப்புறம் ஒவ்வொரு வேளையும் அவள் காலடிச் சத்தம் கேட்டாலே, இன்றைக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொள்வார்.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் காகிதத்திலும் ஊர் கைமாறியது. பிரெஞ்சுக் குடிமகனாக இருக்க ஆசைப்படுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். பழைய சாவடித் தோழர் தணிகாசலம் பெட்டி கட்டிவிட்டார். "நீயும் வாய்யா, அங்க காவல் காக்க நெறைய கேட்டு இருக்குது" என்றார். உத்திராபதி மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார்: எப்படியும் இவள் விட்டுட்டுப் போகத்தான் போகிறாள், அதற்கு முன்னால் நாமே போய்விட்டால் மானமாவது மிஞ்சும். போகிறேன் என்று வீட்டில் சொல்லவும் தைரியம் வராமல் ரெண்டு மாதம் ஓட்டினார். அதற்குள் வடக்கே பனிமலையில், எல்லை எந்த இடம் என்ற தகராறில் சீனாக்காரனோடு சண்டை மூண்டுவிட்டது. ஊரெல்லாம் யுத்த நிதிக்குத் தாலிக்கொடியும் வளையலும் கழற்றிக் கொடுத்தார்கள்.

கலியமூர்த்தி மறுபடி வந்தார். இந்தத் தடவை கூடத்திலேயே ஜாக்கிரதையாக நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார்: நாட்டுக்கு அங்கே எல்லை பத்தவில்லை, இங்கே ஒன்று சும்மா கிடக்கிறது, தேசத்துக்குக் கொடுத்துவிடுங்கள். சுருட்டிக்கொண்டு போக மாட்டுவண்டியும் வாசலில் நின்றது. கோடு போய்விட்டால் எதையும் சொல்லாமலே அடுப்படிக்குப் போகலாம், சொல்லாமலே பிரான்சுக்கும் போகலாம் என்று உத்திராபதிக்கு மனசில் ஓடியது. "எடுத்துக்கினு போங்க" என்றார்.

"யாரு ஊட்டுக் கோட்ட யாரு குடுக்கறது?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. ஆதிலட்சுமி கரண்டியோடு நிலைப்படியில் நின்றாள். "வளையல் கேளுங்க, தரேன். கோட்டக் குடுக்கமாட்டேன். அது போச்சுன்னா இந்த ஊட்ல யாரு யாராண்ட வாயத் தொறக்கப் போறாங்க?"  வளையலைக் கழற்றிக் கூடத்தில் உருட்டிவிட்டு உள்ளே போனாள். கலியமூர்த்தி பொறுக்கிக்கொண்டு நழுவினார். உலையில் சோறு வடித்த வாசனை வந்தது, மீன் வறுக்கிற வாசனை வந்தது, தட்டு மட்டும் வரவில்லை. "வேணும்னா வந்து சாப்புடுங்க" என்று ஒரு சத்தம்தான் வந்தது.

உத்திராபதி எழுந்து போய்க் கோட்டின் முன் நின்றார். காலைத் தூக்கினார். "வேட்டி, ஒரு பீடிக்கட்டு" என்றார். அசையவில்லை. "பிரான்சுக்குப் போற நெனப்பு" என்றார். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. கோடு அப்போதும் விடவில்லை. கண்ணில் நீர் முட்டியது, ஐம்பது வயசு ஆம்பிளைக்கு. "நீ என்னியக் கட்டிக்கல ஆதி, அந்தக் கேட்டத்தான் கட்டிக்கினன்னு ஒரு பயம். கேட்டு போன அன்னிலேந்து, இன்னிக்குப் போயிடுவியா நாளைக்குப் போயிடுவியான்னு பயம்" என்றார். கால் விடுபட்ட வேகத்தில் அடுப்படிக்குள் மண்டிபோட்டு விழுந்தார்.

ஆதிலட்சுமி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு அவரையே பார்த்தாள். "எங்க பக்கத்து கேட்டுலயும் ஒருத்தன் நின்னானே, யூனியன்காரன், நல்லா மீசையெல்லாம் வெச்சிக்கினு" என்றாள். "அவனும்தான் கட்டையத் தூக்குனான். அவனக் கட்டிக்கினனா? இதச் சொல்ல எட்டு வருசமாய்யா ஒனக்கு? மீனு கருகிப்போச்சு பாரு."

கருகின மீனை அடுப்படியிலேயே உட்கார்ந்து ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள். தணிகாசலம் தனியாகவே கப்பலேறினார். கோடு எங்கேயும் போகவில்லை. சாணி தெளித்து மெழுகும்போது ஆதிலட்சுமி அதையும் சேர்த்தே மெழுகினாள். உத்திராபதியின் பயமும் அப்படியொன்றும் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் நிலைப்படியில் ஒரு கணம் நின்று, "சொம்பு ஒண்ணு, பயம் கொஞ்சம்" என்பார். கோடு விட்டுவிடும்.