உடம்பில் ஓடிய சூடு

எனக்கு வாய் நீளம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நான் வேலை பார்க்கும் சி.டி. ஸ்கேன் அறைக்குள் நுழையும்போதே யாரையாவது திட்டிக்கொண்டுதான் நுழைவேன். அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிவிட்டேன். அதுதான் வினை.

போன தை மாதம். காணை கிராமத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர் வைக்கிற விருத்தாசலம் மேல்வயிற்று வலியோடு வந்தார். கூட மனைவி குப்பம்மாள். எக்ஸ்ரேயில் எலும்பு தானாகத் தெரியும். ஈரலும் கணையமும் மெத்தென்ற சதை, எல்லாம் ஒரே சாம்பலாகக் கிடக்கும். அதனால் நரம்பில் சாயம் ஏற்றித்தான் படம் எடுப்போம். ஏறும்போது உடம்பு முழுக்கக் குப்பென்று சூடு பரவி, ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும்.

"உள்ள சுடுதும்மா. நோவு கொறையிறாப்புல இருக்குது" என்றார் படுத்திருந்தவர்.

வாசலில் குப்பம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ஊசி உள்ள போயி நோவக் கரைச்சிடும் இல்லம்மா?"

வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தர் சண்டைக்கே நின்றார். விளக்கிச் சொல்லப் பொறுமையில்லை. தலையை ஆட்டினேன்.

ஐந்து மாதம் கழித்து நேற்று மறுபடி வந்தார்கள். அவருக்குச் சட்டை தொளதொளத்தது, கண் மஞ்சளாக இருந்தது. வளவனூர் டாக்டர் எழுதிய புதுச் சீட்டு கையில்.

"பழைய படம் எங்க?" என்றேன்.

குப்பம்மாள் பையிலிருந்து கவரை எடுத்தாள். நாங்கள் அடித்த ஸ்டேப்ளர் பின் பிரிக்காமல் அப்படியே இருந்தது. பிரித்து ரிப்போர்ட்டைப் படித்தேன். கணையத்தின் வால் பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி, வேறெங்கும் பரவவில்லை, உடனே அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்க்கவும் என்று இருந்தது.

"யாருகிட்டயும் காட்டலியா?"

"ஊசியிலியே சரியாப் போச்சேம்மா. படம் எடுக்கச் சொன்ன டாக்டரு முன்னாடியே குடுத்த மாத்திரையும் தின்னாரு. ரெண்டு மாசம் ஒண்ணும் இல்ல. அப்பறம் லேசா வலிச்சுது. ஊசி இன்னும் உள்ள வேல செஞ்சிகினு இருக்குதுன்னு இருந்துட்டோம். வலி தாங்காமத்தான் வளவனூரு போனோம்."

அவரைப் படுக்க வைத்துச் சாயம் ஏற்றினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் குரல் வந்தது: "இந்த தபா நல்லா ஏறுதும்மா."

மெஷின் வயிற்றை மெல்லிய சீவல்களாகச் சீவி, திரும்பச் சேர்த்து முழு உருவாகக் காட்டும். சுட்டியால் எந்தப் பக்கமும் திருப்பலாம். திருப்பினேன். ஈரல் முழுக்க மல்லாட்டைக் கொட்டை அளவில் கட்டிகள். கீழிருந்து பார்த்தேன், முதுகுப் பக்கம் பார்த்தேன். நல்ல இடம் எங்கேயும் மிச்சமில்லை.

படத்தைப் பற்றிப் பேச டெக்னீஷியனான எனக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் குப்பம்மாளை ஓரமாக அழைத்தேன்.

"அது நோவுக்கு ஊசி இல்லம்மா. படம் தெரியறதுக்கு ஏத்துற சாயம். அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் தப்பா தலையாட்டிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "இப்ப பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போனா?"

"அன்னிக்கே போயிருந்தா அறுத்து எடுத்திருப்பாங்க. இப்ப வலி தெரியாம வெச்சிக்கலாம். அவ்வளவுதான்."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. இங்கே பிடிக்க வாலும் இல்லை. அவள் என்னை அடித்திருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். முந்தானையை மட்டும் இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலம் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தார். முகத்தில் தெளிவு.

"கால் வரைக்கும் சூடு போச்சு. இதோட சரியாயிடும் இல்ல?"

என்னைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார்.

குப்பம்மாள் ஒரு தரம் என் பக்கம் திரும்பினாள். பிறகு அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.