பார்த்ததற்கும் உட்கார்ந்ததற்கும் நடுவில்

ஆயுத பூஜையன்று மதியம், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷெட்டுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: கேட் காவலாளி கங்கப்பன், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரிலேயே நரைத்துவிட்ட சூப்பர்வைசர் அழகர்சாமி, சாப்ட்வேர் எழுதும் வினோதா, அவள் அம்மா நாராயணம்மா, ஆறு வருடங்களுக்கு முன் அதே ஷெட்டில் செத்துப்போன வினோதாவின் தம்பி தமிழரசன். ஐந்தாவது ஆளையும் எண்ண வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

அவன் செத்தது காலை ஷிப்ட் முடியப்போகும் நேரத்தில். தொரப்பள்ளியிலிருந்து தூக்குப்போசியில் களி எடுத்துக்கொண்டு மதியம் கேட்டுக்கு வந்த நாராயணம்மா, "பையனுக்கு வேலை முடிஞ்சுதா?" என்று கங்கப்பனைக் கேட்டாள். "இன்னும் இல்லக்கா" என்றான். அவன் சொன்னபோது அது உண்மை. பத்தடி தள்ளி ஒரு கல் கிடந்தது. முட்டிவலிக்காரி அந்தப் பத்தடியைக் கடப்பதற்குள் உள்ளே நான்காவது பிரஸ் அவள் பையன் மேல் இறங்கிவிட்டது. அழகர்சாமி ஓடிவந்து அவள் முதுகுக்குச் செய்தியைச் சொன்னார். அவள் அப்போது கேட்டு முடித்திருந்தாள். காத்திருக்க இன்னும் ஆரம்பிக்கவில்லை. செய்தி அந்த இடைவெளியில் விழுந்து வீணானது. அவள் உட்கார்ந்தாள். சாவுச் செய்தியை ஒருவருக்கு ஒருமுறைதான் சொல்ல முடியும் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மறுபடி சொல்லப்போனவர்களின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எழுதிக் காட்டிய தாள் அவள் கண் முன்னாலேயே வெள்ளையானது. காது டாக்டர் காதில் கோளாறு இல்லை என்றார். அவள் கல்லைவிட்டு எழவில்லை. கம்பெனிக்காரர்கள் மேலே தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள்.

உடலை எரித்து, சாம்பலை ஒகேனக்கல்லில் கரைத்தார்கள். அடுத்த நாள் காலை தமிழரசன் நான்காவது பிரஸ் பக்கத்தில் நின்றிருந்தான். அவனுக்குப் பசி கிடையாது, சம்பளம் கிடையாது, செய்ய வேலையும் கிடையாது. டோக்கன் எண் 318 மட்டும் இருந்தது. அந்த எண்ணைக் கணினியிலிருந்து நீக்க மூன்று பேர் முயன்று தோற்றார்கள். முதல் மாதம் ஆட்கள் பயந்தார்கள். பிறகு அவனைச் சுற்றிப் போகப் பழகினார்கள். ஒருவன் எண்ணெய்த் துணியை அவன் தோளில் மாட்டிவைத்தான். "உங்க வீட்டு ஆணியாடா அவன்?" என்று அழகர்சாமி கத்திய பிறகு நிறுத்தினான்.

வினோதா வேலை பார்த்தது வேறொரு சிறிய கம்பெனியில். இயந்திரங்களை ஓட்டும் கணினிப் பெட்டிகளுக்கு அவர்கள் கெர்னல் எழுதினார்கள். எந்த வேலை எப்போது ஓட வேண்டும், எது எதற்காகத் தூங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அடிமட்ட மென்பொருள் அது. சூளகிரியில் ஒரு லேத், மாதத்துக்கு ஒருமுறை, காரணமில்லாமல் நின்றுபோயிற்று. நான்கு மாதம் தேடிய பிறகு இரண்டு வரிகளுக்கு நடுவில் காரணத்தைக் கண்டாள். தாய் வேலை, தான் தொடங்கிவைத்த பிள்ளை வேலை முடிந்ததா என்று பார்க்கிறது. முடியவில்லை. தூங்கப் போகிறது. தூங்குவதற்குள் பிள்ளை முடிந்து ஒரு குரல் கொடுத்துவிடுகிறது. இன்னும் தூங்காத ஆளை எழுப்பும் குரல் யாருக்கும் பயன்படாது. அதன்பின் தாய் தூங்கிக்கொண்டே இருக்கும். முடிந்துபோன பிள்ளையோ, தாய் வந்து கேட்டுக்கொள்ளும்வரை, எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பட்டியலில் நிற்கும். வினோதா திரையை அணைத்தாள்.

திருத்தம் எளிது. குறுக்கே யாரும் போகாதபடி முதலில் பூட்டு, காத்திருப்போர் வரிசையில் உட்கார், உட்கார்ந்தபின் இன்னொரு முறை பார். ஆடியில் செய்து முடித்தாள். லேத் அப்புறம் நிற்கவில்லை. தாய் கேட்டுக்கொண்ட அந்த நொடியே பிள்ளையின் பெயர் பட்டியலிலிருந்து அழிவதையும் திரையில் பார்த்தாள். தம்பியும் அப்படிப் போய்விடுவானே என்று இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. புரட்டாசி மழையில் அம்மாவுக்கு இரண்டாம் முறை காய்ச்சல் கண்டது. இன்னொரு மழையைத் தாங்கமாட்டாள் என்றார் டாக்டர். வினோதா போய் அழகர்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆயுத பூஜையன்று வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். காலையில் வந்தவர்கள் பொரி வாங்கிக்கொண்டு, பிரஸ்களுக்குக் கட்டிய வாழைக்கன்றுகளின் முன் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாராயணம்மா மட்டும் கல்லைவிட்டு எழ மறுத்தாள்.

"நான் உள்ள போற நேரம் பாத்து அவன் வெளிய வந்துட்டான்னா?"

"கேட்டைப் பூட்டிடறேன்க்கா. கொசு கூடப் போவாது" என்றான் கங்கப்பன்.

"சாவியை எங்கிட்ட குடு."

கொடுத்தான். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். அழகர்சாமி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நான்காவது பிரஸ் முன்னால் போட்டார். "ஆத்தா, மொதல்ல உக்காரு. பெறகு பாரு." உட்கார்ந்தாள். வினோதா அவள் முகத்தைப் பிடித்துத் தமிழரசன் பக்கம் நிமிர்த்தினாள்.

"ஏன்டா இப்பிடி எளச்சுட்டே?" என்றாள் நாராயணம்மா. "ஷிப்ட் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா" என்றான் தமிழரசன்.

"எப்போ?"

"நீ உக்காரப் போனப்போ."

நாராயணம்மா முந்தானை முடிச்சைத் தடவினாள். "நான் திரும்பிப் பாத்திருந்தா?"

"அப்பவும் முடிஞ்சுதான் இருக்கும்மா."

அவள் வாயிலிருந்து முதலில் காற்றுதான் வந்தது, பிறகு சத்தம் வந்தது. ஆறு வருடத்து அழுகை ஒரே அழுகையாக வந்ததில் வாழை இலைகள் கிழிந்தன. அழகர்சாமி கணினியில் 318ஐ அழுத்தினார். ஒரே தட்டில் அழிந்தது. தமிழரசன் கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு நடந்தான். "டேய், எங்கிட்ட ஒரு வார்த்தை" என்று வினோதா கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். அவனிடம் இருந்தது ஒரே செய்தி, அதை அம்மாவிடம் கொடுத்தாகிவிட்டது. கங்கப்பன் நாராயணம்மாவின் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துவந்து, கேட்டைத் திறந்து அவனை வெளியே விட்டான். திருவிழா நாளில் கேட் திறந்து கிடக்கக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அவன் பின்னால் கேட்டைச் சாத்திப் பூட்டினான்.