மேர்வினின் ஆண்டுக்கு ஒரே ஒரு தட்டு

பெர்னடெற் கறுப்பு உடுப்பை விடவேண்டிய நாள் அது. கணவன் மேர்வின் இறந்து சரியாக ஒரு வருடம். காலையில் தோர்ண்டன் ஹீத் கோயிலில் ஆண்டுத் திருப்பலி, பிறகு பங்கு மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. வருடம் முழுக்கக் கறுப்பில் திரிந்தவள், அன்று மேர்வின் வாங்கித் தந்த சிவப்புச் சேலையில் வந்தாள். அதற்கே பாதிச் சனத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மேர்வின் வாரநாளில் தபால் பிரிப்பவன், வார இறுதியில் கலியாண வீடுகளுக்குப் பாட்டுப் போடுபவன். அவனுடைய டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைப் போட்டு, இன்று ஒருமுறை ஆடவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. மண்டபக் குழுத் தலைவர் யேசுரட்ணம் போன கிழமையே மறித்துவிட்டார்.

“சோல் எண்டா போடு பிள்ளை, உருக்கமான பாட்டு, இருந்து கேக்கலாம். டிஸ்கோ ஏலாது. ஆண்டுச் சாப்பாட்டில ஆட்டமோ? சனம் என்ன சொல்லும்?”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இதே மனிதர் தன் மகளின் கலியாணத்தில் பைலாவுக்கு இடுப்பு ஒடிய ஆடியவர்தான். விதவை ஆடினால் மட்டும் மண்டபம் இடிந்து விழுந்துவிடுமாம்.

பெர்னடெற் வாதாடவில்லை. ஒரு தட்டை எடுத்துப்போய் அவருக்குப் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்டவர், “இது நல்லது, இதை மட்டும் போடு” என்று மண்டப அனுமதிப் படிவத்தில் அதன் பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

சாப்பாடு முடிந்ததும் அந்தத் தட்டைத்தான் போட்டாள். ஒரு கறுப்பினப் பெண்ணின் குரல். நின்ற இடத்தில் நின்று, மூச்செடுத்து, தன்பாட்டுக்கு அழுதது. டிரம் அதற்காகக் காத்திருந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். யேசுரட்ணம் திருப்தியாகத் தலையாட்டினார்.

பாட்டு முடிந்தது. பெர்னடெற் தட்டை மறுபக்கம் திருப்பினாள்.

அதே பெண், அதே வரிகள், அதே அழுகை. ஆனால் இப்போது அடியில் டிரம் ஒரு எண்ணிக்கையும் தப்பாமல் இடித்தது, மேலே வயலின்கள் ஓடின. இனிக் குரல்தான் டிரம்மைப் பிடிக்க ஓடவேண்டும். “ரெண்டும் கோயில்ல பாடிப் பழகின தொண்டைதான். சோல் இருத்தி அழவைக்கும், டிஸ்கோ எழுப்பி அழவைக்கும்” என்பான் மேர்வின். சொல்லிவிட்டு, மீன் கழுவிக்கொண்டு நிற்பவளை ஈரக்கையோடு இழுத்து ஆடுவான்.

யேசுரட்ணம் விழுந்தடித்து வந்தார். “டிஸ்கோ வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்?”

“நீங்கள் கையெழுத்து வைச்ச தட்டுத்தான் அண்ணை. மற்றப் பக்கத்தை நீங்கள் கேக்கேல்ல.”

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டபத்தின் நடுவுக்குப் போனாள். கூட ஆட ஒருவரும் எழும்பவில்லை. குதியுயர்ந்த செருப்பு வழுக்கியது, உதறிவிட்டு வெறுங்காலோடு ஆடினாள். கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. துடைக்கவில்லை. மேர்வின்மேல் அவளுக்குக் கோபமும் வந்தது, இத்தனை பேருக்கு நடுவில் தன்னைத் தனியே ஆடவிட்டுப் போனானே என்று.

யேசுரட்ணம் குனிந்து பாட்டுப்பெட்டியின் பிளக்கில் கை வைத்தார்.

“கையை எடுங்கோ அண்ணை,” ஆட்டத்தை நிறுத்தாமலே சொன்னாள் பெர்னடெற். “நான் இன்னும் அழுது முடிக்கேல்ல.”

அவர் கையை எடுத்தார். பாட்டில் இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அவள் நாலு நிமிடமும் ஆடினாள்.