வேலிக்குள் இறங்கிய வெட்டுப்பாதை

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, முல்லைத்தீவுப் பக்கம் இராணுவ முகாம் வேலிக்குள் அகப்பட்டிருந்த அன்னபாக்கியத்தின் அரை ஏக்கர் காணி அடி அடியாகக் கீழே இறங்கத் தொடங்கியது. பன்னிரண்டாவது அடியில் நின்றது. முகாம்காரர் பந்தடித்த திடல், கம்பம், வலை எல்லாம் தூளாகிப்போக, யுத்தத்துக்கு முன்பு அங்கே இருந்து பிறகு இல்லாமல்போன வீடு மட்டும் நடுவில் வெட்டுப்படாமல் மிஞ்சியது.

வெட்டியவள் அவருடைய மகள் ஜெயரூபி. அவள் அந்நேரம் கிளிநொச்சியில், பாறூக் நானாவின் மரப்பட்டறையில் கணினிக்கு முன்னால் இருந்தாள். கணினி கொடுக்கும் பாதையில் ஓடி மரத்தைச் செதுக்கும் மெசின் ஒன்று அங்கே இருந்தது. ஒரு திணைக்களம் உள்ளங்கை அளவில் இருநூறு மர வீடுகள் கேட்டிருந்தது. சனம் முழுவதும் மீளக்குடியேறி முடிந்ததைக் கொண்டாடும் விழாவுக்கு நினைவுப்பரிசாம். அனுப்பிய வரைபடத்தில் சமைக்க ஒரு குசினியே இல்லை.

முதல் நாள் மத்தியானம் மகளுக்குச் சோறு கொண்டுவந்த அன்னபாக்கியம் திணைக்களத்தின் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"எல்லாரும் குடியேறியாச்சாமோ? அப்ப நான் ஆர், பேயோ?"

"பேய்க்கும் ஒரு புளியமரம் இருக்குமம்மா" என்றாள் ஜெயரூபி.

"வெட்டுறதெண்டால் எங்கட வீட்டை வெட்டு. குசினி வடக்கால. கதவு ரோட்டைப் பாத்தது."

பாறூக் நானா மறுக்கவில்லை. அவரும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு இருபது வருடம் வெளியே கிடந்தவர். "வெட்டு தங்கச்சி. பலகை நான் தாறன்" என்றார்.

ஜெயரூபி காணியையும் வீட்டையும் நூறில் ஒரு பங்காக வரைந்தாள். சுற்றுக்கு மூன்று மில்லிமீற்றர் ஆழம், பன்னிரண்டு சுற்று. நேரே குத்தினால் செதுக்கும் பிட் முறியும் என்பதால், வழக்கம்போல ரோட்டுப் பக்கத்திலிருந்து சரிவாக இறங்கும்படி பாதை போட்டாள். பிழை கடைசியில்தான் வந்தது. வெட்டுத் தொடங்கும் இடமாகப் பலகையின் மூலையைக் கொடுக்க வேண்டும். அவள் பூமிப்படத்தில் காணி கிடக்கும் இடத்தைச் சொல்லும் அகலாங்கையும் நெட்டாங்கையும் கொடுத்துவிட்டாள். பதினாறு வருடமாகக் காணி கேட்டு நிரப்பிய படிவங்களில் அந்த இரண்டு எண்களையும் எழுதி எழுதி, இரண்டு வெற்றுக் கட்டங்களைக் கண்டால் கை தானாகவே அவற்றைப் போடும். எல்லை தாண்டிய எண் என்று மெசின் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பலகையில் ஒரு கீறலும் விழவில்லை. தூசிப் பைக்குள் மண் நிறைந்தது.

நாலு மணிக்கு, வேலிக்கு எதிரே தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் அப்புத்துரை தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, கொம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. ரோட்டிலயிருந்து உங்கட வாசலுக்குச் சரிவு விழுந்திருக்கு. வேலி ரெண்டாப் போச்சு."

அன்னபாக்கியம் அந்தச் சரிவால் இறங்கிப் போனார். சீருடைக்காரர் இருவர் மறிக்க வந்தபோது, "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ, இது வீடு" என்றார். சுவர்களில் மரத்தின் ரேகை ஓடியது. அதைப் பார்த்து அவர் அழவில்லை. குசினிக்குள் போய்த் தூளைக் கூட்டி, வாசலில் நின்றவர்களின் சப்பாத்துகள் மேல் கொட்டினார்.

மூன்றாம் நாள் பட்டறைக்கு முகாமிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். குழியைப் பழையபடி நிரப்பித் தரவேண்டும் என்றார்.

"இந்த மெசினுக்கு எடுக்க மட்டுந்தான் தெரியும் சேர், திருப்பி வைக்கத் தெரியாது" என்றாள் ஜெயரூபி. "உங்களைப் போலத்தான்."

விழா நடக்கவில்லை. கார்த்திகையில் வன்னி முழுவதும் வெள்ளம் வந்தது, அந்தக் குழிக்குள் ஒரு சொட்டும் தங்கவில்லை. மின்சாரக்காரர் கம்பியை வழமையைவிடப் பன்னிரண்டு அடி நீளமாக இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பட்டறைக்கு முன்னால், இன்னும் காணி திரும்பக் கிடைக்காத மற்ற ஊர்ச் சனம் காணிப்படங்களோடு விடியவே வரிசையில் நின்றது. இது எப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கிணற்றடி வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், தங்களுடைய முறை எப்போது வரும் என்று கோபமாகக் கேட்டார்கள்.