பாலிஷ் போட்ட கத்தரிச்செடி

ஆம்பூர் பிரியாணியில் பாதி, தன் கத்தரிக்காயின் தயவில்தான் தொண்டையில் இறங்குகிறது என்பது தேவசகாயத்தின் கணக்கு. உண்மையில் அவர் காய் போனது ஒரே ஒரு கடைக்கு. தோஸ்த் சுஹேல் அகமதுவின் பிரியாணிக் கடைக்கு. வெள்ளிக்கிழமை மதியம் அங்கே மூலை மேசையில் உட்கார்ந்திருப்பார். யாராவது கத்தரிக்காய்த் தொக்கைப் புகழ்ந்துவிட்டால் போதும், கல்யாண மாப்பிள்ளை மாதிரி லேசாகத் தலையை ஆட்டிக்கொள்வார். தோல் ஃபேக்டரியில் தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் ஃபினிஷிங் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவருக்கு வேறென்ன வேண்டும்?

அந்தத் தலையாட்டலுக்குத்தான் ஆபத்து வந்தது.

"உன் நெலத்துல பாயுற கால்வாய்த் தண்ணில ஃபேக்டரிக் கழிவு கலக்குதோன்னு எனக்கு டவுட்டு தோஸ்த்," என்று சுஹேல் போனில் சொன்னார். "என் தங்கச்சி பொண்ணு ஜோயா மிஷினோட வர்றா. அவ ஓகே சொல்ற வரைக்கும் உன் காய் வேணாம்."

"இன்னா மிஷினு?"

போன் ஜோயாவிடம் போனது. "இலை மேல வெளிச்சம் அடிப்போம் அங்கிள். எவ்ளோ திரும்பி வருதுன்னு மிஷின் பாக்கும். குரோமியம் மாதிரி எதுனா செடிய வதைச்சா அதுல தெரிஞ்சிடும்."

வெளிச்சம் திரும்பி வர வேண்டும். அப்படியென்றால் பளபளப்பு! ஆயுசு முழுக்க வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தானே அவர் சோறு தின்றார்!

மறுநாள் விடிந்ததும் தேங்காய் எண்ணெயும் பழைய பனியன் துணியுமாக வயலில் இறங்கினார். ஏற்றுமதிக்குப் போகும் ஷூவைப் போல ஒவ்வோர் இலையையும் தேய்த்தார். சூரியனே கண் கூசி மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது. கால்வாய் ஓரத்து வரிசைக்கு வந்தபோது முழங்கால் வேலைநிறுத்தம் அறிவித்ததால் அதை மட்டும் விட்டுவிட்டார்.

மாமாவோடு வந்த ஜோயா, மிஷினின் குழலை முதல் செடியின் இலையில் வைத்தாள். திரையைப் பார்த்தாள். மிஷினைத் தட்டினாள். மறுபடி வைத்தாள்.

"மாமூ, மிஷின் இது இலையே இல்லன்னுது."

இலையைத் தடவி விரலை முகர்ந்தாள். "அங்கிள்... எண்ணெய் தேச்சீங்களா?"

சுஹேல் சிரித்த சிரிப்பில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "யோவ், தலை சீவி பூ வெக்கலியா?"

"உன் மருமவதானேப்பா வெளிச்சம் திரும்பணும்னுச்சி!"

"மேலாக்க மின்னுற வெளிச்சம் இல்ல அங்கிள். இலைக்குள்ள போய்ட்டு வர்ற வெளிச்சம்."

எண்ணெய் படாத கால்வாய் வரிசையில் மிஷின் ஒழுங்காக வேலை செய்தது. ஜோயாவின் முகம்தான் மாறியது. "செடி கஷ்டப்படுது அங்கிள். குரோமியம்னு சந்தேகம்தான். காயையும் மண்ணையும் லேப்ல பாத்தாத்தான் உறுதி."

தேவசகாயம் குனிந்து இலையை உற்றுப் பார்த்தார். பிரவுன் நிறத்தில் ஆயிரம் ரகம் பிரித்த கண், உலகமே அஞ்சிய கண். "நல்லா பச்சையாத்தானே கீது?"

"கண்ணுக்குத் தெரியாத நெறத்துலதான் மொதல்ல மாறும்."

லேப் ஒளிக்காமல் சொல்லிவிட்டது: காயில் குரோமியம், ஜாஸ்தி. ஃபேக்டரியில் தோலைப் பதப்படுத்த அவர்கள் ஊட்டிய அதே சரக்கு.

"பழைய சிநேகிதன்," என்றார் தேவசகாயம். "ரிட்டையர் ஆனதும் என்னத் தேடி வீட்டுக்கே வந்துட்டான்." செடிகளை அவரே பிடுங்கினார். எண்ணெய் தேய்த்த செடி ஒவ்வொன்றும் கையில் வழுக்கியது.

வெள்ளிக்கிழமை, துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி கடைக்குப் போனார். தொக்கில் இருந்தது மார்க்கெட் காய். பக்கத்து மேசைக்காரர் விரலை நக்கிக்கொண்டே, "கத்தரிக்கா இன்னா டேஸ்ட்டு பாய்!" என்றார்.

பழக்க தோஷத்தில் தேவசகாயத்தின் தலை பாதி ஆடிவிட்டது. கல்லாவிலிருந்து சுஹேல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடிய தலையை நடுவில் நிறுத்தினால் அசிங்கம். மீதியையும் ஆட்டி முடித்தார்.