ராசாத்தி சொல்லாத பேரு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லேங்கல. ஆனா என் மருமவ ராசாத்திக்கு வாய்னு ஒண்ணு இருக்கான்னு தெருவுல கேப்பாங்க. அப்பேர்ப்பட்டவளைக் கூண்டுல நிறுத்தி, பேசு பேசுன்னு பிடுங்கி எடுத்தானுங்க பாருங்க, நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

சீனாக்காரன் சண்டை வந்த வருஷம். என் மவன் ரெங்கராஜுக்குப் பொன்மலையில வேலை, வீடு ஸ்ரீரங்கத்துல. ராசாத்தி பக்கத்து அரிசி மில்லுல நெல்லு காயப்போடுற வேலைக்குப் போய்க்கிட்டிருந்தா. அங்க மேஸ்திரிங்க ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் பேரும் ரெங்கராஜுதான். ஸ்ரீரங்கத்துல கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு ரெங்கராஜ் மேலதானே விழும்?

ஒருநாள் மத்தியானம், தவிட்டு ரூமுக்குச் சாக்கு எடுக்கப் போனவளை அந்தப் பாவி கதவைச் சாத்திக் கெடுத்துட்டான். மெஷின் ஓடுறப்ப அங்க இடி விழுந்தாலும் கேக்காது. தலை கலைஞ்சு, ரவிக்கை கிழிஞ்சு அவ வெளியில வந்ததைக் களத்துல நின்ன செல்லக்கண்ணு பாத்திருக்கா. ராசாத்தி வீட்டுக்குக்கூட வரல. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டா. அந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சோ, சமயபுரத்தாளுக்குத்தான் வெளிச்சம்.

யாரு செஞ்சதுன்னு ஏட்டு கேட்டிருக்கார். "மில்லு மேஸ்திரி ஒருத்தன்"னிருக்கா. பேரு என்னன்னு கேட்டதும் வாயடைச்சுப் போச்சு. புருசன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையும்னு அவ ஆத்தா சொல்லித்தான் கட்டிக் குடுத்தா. அதனால, "எங்க வீட்டுக்காரர் பேருதாங்க அவனுக்கும்"னு சொல்லியிருக்கா. ஏட்டு சிரிச்சுக்கிட்டே மேஸ்திரின்னு மட்டும் எழுதிக் கைநாட்டு வாங்கிக்கிட்டார். சேதி தெரிஞ்சு நான் ஓடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. மறுநாள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தப்ப நான்தான் பேரைச் சொன்னேன். சும்மா சொல்லல, நாலு வசவோட சேத்துச் சொன்னேன்.

அதுதான் வினையாப் போச்சு.

திருச்சி கோர்ட்டுல வழக்கு நடந்துச்சு. மொதல்ல என் சாட்சி. அப்புறம் செல்லக்கண்ணு. மேஸ்திரியோட வக்கீல் அவளைக் கேட்டான், "அழுதுக்கிட்டு வந்ததைப் பாத்தே. உள்ள நடந்ததைப் பாத்தியா?" இல்லீங்கன்னா. "அவ்வளவுதான், எறங்கு"ன்னுட்டான். உள்ள பாத்திருந்தா அவ கையைக் கட்டிக்கிட்டு நின்னிருப்பாளா? கேக்குறான் பாரு கேள்வி!

அடுத்தது ராசாத்தி.

"கத்தினியா?"

"கத்தினேங்க. மெஷின் ஓடிச்சு."

"யாருக்குமே கேக்கலியே. சரி, கடிச்சியா? பிராண்டினியா? அவர் உடம்புல ஒரு கீறல் இல்லேன்னு டாக்டர் சொல்றார். உன் உடம்புலயும் பெருசா காயமில்ல. இஷ்டமில்லாதவ இப்படியா இருப்பா?"

"கையை மடக்கிப் பிடிச்சிருந்தான். பயமா இருந்துச்சுங்க."

"யாரு பிடிச்சிருந்தது? ஸ்டேஷன்ல பேரு சொல்லலியே, இப்ப சொல்லு பாப்போம்."

கையை நீட்டி அவனைக் காட்டினா. வக்கீல் விடல. பேரு, பேருன்னு நின்னான். ராசாத்தி திரும்பிப் பாத்தா. கடைசி பெஞ்சுல என் மவன் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தான். மெதுவா நிமிர்ந்தான். கண்ணெல்லாம் தண்ணி. சொல்லுன்னு தலையை ஆட்டினான். அவ தாலியை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "ரெங்கராஜ்"ன்னா. கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து அவ வாயால அந்தப் பேரு வந்து நான் கேட்டது அதுதான் மொத தடவை. என் மவன் ஆயுசைக் காப்பாத்துன்னு சமயபுரத்தாளை வேண்டிக்கிட்டேன்.

அந்த வக்கீல் ஜட்ஜு பக்கம் திரும்பிச் சிரிச்சான். "இன்னிக்கு வர்ற பேரு அன்னிக்கு ஏன் வரல? இது மாமியார் சொல்லிக் குடுத்த பேருங்க. மாமியாருக்கும் எங்க கட்சிக்காரருக்கும் களத்துல வாய்ச்சண்டை நடந்திருக்கு."

நடந்துச்சுதான். அவளுக்குச் சோறு கொண்டுபோனப்ப பொம்பளைங்களைக் கண்டபடி பேசினான், செருப்பு பிஞ்சுடும்னேன். அது ஒரு குத்தமா?

தீர்ப்பை இங்கிலீஷ்ல படிச்சாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல, அவன் கும்பிட்டதைப் பாத்துத்தான் விட்டுட்டாங்கன்னு தெரிஞ்சுது. வெளியில வந்து சர்க்கார் வக்கீல் சொன்னார். மொதல்ல பேரு சொல்லல, சத்தம் கேட்டவங்க இல்ல, காயமும் இல்ல. பொண்ணு பேச்சை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாதாம். செஞ்சது அவன்தானாங்கிறதே சந்தேகமாம். அவனாவே இருந்தாலும் அவ சம்மதிச்சிருக்கலாமாம். என்னய்யா நியாயம் இது? செஞ்ச ஆளே அவன் இல்லேங்கிறீங்க, அவனுக்குச் சம்மதம் மட்டும் குடுத்தாளா?

பஸ்ஸுல அவ ஜன்னல் ஓரமா உக்காந்தா, நான் பக்கத்துல. என் மவன் முன்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"அத்தே, அன்னிக்கே பேரைச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களா?"

"எங்கடி நம்புவானுங்க? பதறாம எப்படிப் பேரு சொன்னேன்னு கேட்டிருப்பானுங்க."

"அவனைக் கடிச்சு வெச்சிருந்தா?"

"பழகினவங்களுக்குள்ள வந்த சண்டைன்னு சொல்லியிருப்பானுங்க. விடு ஆத்தா. நீ செய்யாம விட்டது ஒண்ணுமில்ல."

பஸ் காவேரிப் பாலத்துல ஏறுச்சு. கீழ தண்ணி ரெண்டு கரையும் முட்டிக்கிட்டு ஓடுது.

"செத்துப் போயிருந்தா அத்தே?"

எதுக்கும் பதில் வெச்சிருக்கிறவ நான். 'அப்ப நம்பியிருப்பாங்க'ங்கிறது நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, பல்லைக் கடிச்சு முழுங்கினேன். ஆனா அவ என் மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டா. ஆத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

ஓடுற பஸ்ஸுலேயே அவளை எழுப்பி இந்தப் பக்கம் உக்கார வெச்சேன். ஜன்னல் ஓரம் நான் உக்காந்துக்கிட்டேன்.