பாதி வழி நேர்த்தி

ஒரு மேடு ஏறி முடிந்தது, அப்பாடா என்று மூச்சு விட்டால், அங்கால் இன்னொரு மேடு நிற்கிறது. ஹொக்லிப் பக்கத்து மலைகளுக்குள் இந்த வீதியைப் போட்டவன் ஒருநாளும் இதில் நடந்திருக்க மாட்டான் என்று கிளடிஸ் மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள். குதிக்கால் இரண்டும் கொப்பளித்துவிட்டன. முழங்கால் நேற்றே கைவிரித்துவிட்டது. போதாததற்கு வெயில்.

முன்னால் அவள் புருசன் அருள்நாயகம் செபமாலை சொல்லிக்கொண்டு போனார். பின்னால் மகன் றிச்சர்ட் வலது காலை இழுத்து இழுத்து வந்தான். கிளடிஸின் தம்பி அல்பேட் தன் வான் வண்டியில் தண்ணீரும் மரக்கறி றோல்ஸும் கொண்டுவந்து, ஒவ்வொரு மேட்டுக்கு மேலேயும் காத்திருந்தான். ஊர்விட்டு வந்து குடியேறிய டோர்செட் பார்க்கில், வீட்டு வாசலில் தொடங்கிய நடை. பெரிய வீதியால் நடக்க விடமாட்டார்கள் என்று மலைப்பக்கத்தால் சுற்றி, மிட்லண்ட் மாதா கோயிலில் போய் முடிய வேண்டும். திருநாளுக்குத் தமிழ்ச் சனமெல்லாம் காரிலும் பஸ்ஸிலும் சொகுசாக வரும். இவர்கள் மட்டும் நடை. கிளடிஸ் மாதாவுக்கு வைத்த நேர்த்திக்கடன் அப்படி.

போன வருசத்துக்கு முந்தின வருசம், ஒஷாவாவிலிருந்து திரும்பி வரும்போது பிள்ளைகளின் கார் அடிபட்டது. ஓட்டியவன் இளையவன் கிளிபோட். பக்கத்தில் றிச்சர்ட். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் கிளடிஸ் மாதாவுக்கு நேர்ந்தாள். கிளிபோட் போய்விட்டான். றிச்சர்ட் பிழைத்தான். 'றிச்சர்ட் எழும்பினால் அவனையும் கூட்டிக்கொண்டு நடந்தே வாறனெண்டு நேந்தனான்' என்று பிறகு வீட்டில் சொன்னாள். மற்றவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

றிச்சர்ட் தடியை விட்டு நடக்கத் தொடங்கியதும் அருள்நாயகம் பிடித்துக்கொண்டார். நேர்ந்ததைச் செய்யாமல் விட்டால் அது பிள்ளையின் தலையில்தான் விடியும் என்று நாள் தவறாமல் சொன்னார். அந்தப் பயம் கிளடிஸுக்கும் இருந்தது. அது இல்லாவிட்டால் அவள் வாசல்படி தாண்டியிருக்கவே மாட்டாள். செபமாலையைக் கையில் பிடித்திருந்தாளே தவிர, புறப்பட்ட நேரம் தொட்டு அவள் வாய் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லவில்லை.

மேட்டின் உச்சியில் வான் நின்றது. அல்பேட் இறங்கி வந்தான்.

"அக்கா, நீ கேட்டனி எல்லே? கிலோமீற்றர் பாத்திட்டன். இதுதான் பாதி வழி. இனி மிச்சம் பாதிதான்."

கிளடிஸ் வீதியோரக் கல்லொன்றில் இருந்தாள். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள்.

"கால் நோகுதோ?" அருள்நாயகம் கிட்ட வந்தார். "இரும், இரும். ரீ குடிச்சிட்டு நடப்பம்."

"நான் நடக்கேல்லை."

"ஏனப்பா, ஏலாமல் கிடக்கோ?"

"ஏலாமல்தான் கிடக்கு. ஆனால் அதுக்கில்லை. என்ர நேத்தி இஞ்சை முடிஞ்சுது. தம்பி, கதவைத் திற, நான் ஏறப்போறன்."

அல்பேட் கதவைத் திறக்கவில்லை. அக்காவையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?" என்றார் அருள்நாயகம்.

"விசரில்லை. நான் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் நேந்தனான். ரெண்டு பிள்ளையளையும் தா, ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்து வாறனெண்டு சொன்னனான். உங்களுக்குச் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? நான் அந்த வாசல்ல நிண்டு மண்டாடின நேரம் அவன் உள்ளுக்கை செத்துப்போய்க் கிடந்திருக்கிறான். மாதாவுக்குத் தெரியாதே? தெரிஞ்சுகொண்டு கேட்டுக்கொண்டு நிண்டவ. பாதி தந்தவவுக்குப் பாதி வழி காணும்."

"கடவுளே! மாதாவோட பேரம் பேசுறீரோ?"

"பேசுறன். அவ பேசேல்லையே?"

கத்திவிட்டுத்தான் கிளடிஸ் நிமிர்ந்தாள். றிச்சர்ட் மேடேறி வந்து வானின் பின்பக்கம் நின்றிருந்தான். சேட் முழுக்க வேர்வை. எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டவன் போலத்தான் இருந்தது.

"அப்ப நான் பாதியோ, அம்மா?"

அவன் வானைச் சுற்றி அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"நான் செத்து அவன் இருந்திருந்தாலும், இதே இடத்திலதான் நிண்டிருப்பீங்களோ? சொல்லுங்கோ, ஜஸ்ற் ரெல் மீ."

கிளடிஸால் அப்படி இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, ஓம் என்று சொல்லவும் முடியவில்லை. எப்படிச் சொன்னாலும் ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்ட மாதிரித்தானே இருக்கும்.

றிச்சர்ட் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தண்ணீர்ப் போத்தலை எடுத்தான். "இட்ஸ் ஓகே. நீங்கள் வானில வாங்கோ. மிச்சத்தை நான் நடக்கிறன்" என்று சொல்லிவிட்டு, இறக்கத்தில் தனியாக இறங்கத் தொடங்கினான்.

கிளடிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காலைத் திடமாக வைத்தான். வலது காலைக் கொண்டுவரும்போது இடுப்பு ஒருபக்கம் சரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் அப்படியே சரிந்தது. இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளை எப்படி நடக்கிறான் என்று அவள் வடிவாகப் பார்த்ததேயில்லை. அவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போதெல்லாம் அவள் கண் அவனுக்குப் பின்னால் மற்றவனைத்தான் தேடியது. அது அவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஐயோ, என்ர பிள்ளை, என்று கிளடிஸ் வாய்விட்டே அழுதாள்.

"நாடாவைக் கட்டிவிடுங்கோ" என்றாள் புருசனிடம். "எனக்குக் குனிய ஏலாது."

அருள்நாயகம் முழந்தாளிட்டு இருந்து கட்டிவிட்டார். அவருக்கும் அவன் மகன்தானே.

எழும்பினால் கால் தரையில் பாவவில்லை. கொப்புளம் ஒன்று உடைந்து சப்பாத்துக்குள் ஈரமாகியது. அல்பேட் "அக்கா, ஏறு அக்கா" என்று பின்னால் வானை உருட்டிக்கொண்டு வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நொண்டுகிறவனைப் பிடிக்கக்கூட அவளுக்கு வேகம் போதவில்லை.

"மெல்லப் போடா! உன்ர கொம்மாவும் வாறன்."

அவன் நின்றான். திரும்பவில்லை.

"உங்கட பாதி முடிஞ்சுது எண்டீங்கள்."

"முடிஞ்சுதுதான். இது மாதாவுக்கில்லை." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீ என்னண்டு பாதியாவாய்? நீ முழுசு. அவனும் முழுசு. அதுதானடா எனக்கு ஏலாமல் கிடக்கு."

றிச்சர்ட் கையால் முகத்தைத் துடைத்தான். வேர்வையோ என்னவோ.

"அங்க போய் என்ன செய்யப்போறீங்கள்?"

"முழந்தாளிலை இருக்க மாட்டன். முகத்துக்கு நேரை நிண்டு, ஏனெண்டு கேப்பன்."

"நானும் கேக்க வேணும்" என்றான் அவன்.

கிளடிஸ் அவனுடைய இடப்பக்கமாகத்தான் வந்து சேர்ந்திருந்தாள். சுற்றிப் போய், கால் சரிகிற வலப்பக்கத்தில் நின்று அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டாள். அவன் முதலில் பாரத்தைக் கொடுக்கவில்லை. இறக்கம் முடிந்து அடுத்த மேடு தொடங்கியபோது கொடுத்தான். நல்ல பாரம். ஒரு முழு ஆளின் பாரம்.